பத்து சென்ட் தாள் எப்படிப் பிழைத்தது? டென்வர் அலமாரி: ஒரு நிகழ்வு ஆய்வு

1977 ஜனவரி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரில், எட்கர் சர்ச் என்ற முதியவரின் வீட்டைக் குடும்பத்தார் காலி செய்துகொண்டிருந்தார்கள். சர்ச் விளம்பர ஓவியர். தொலைபேசி டைரக்டரியின் மஞ்சள் பக்கங்களுக்குப் படம் வரைந்து கொடுத்துப் பிழைத்தவர். அப்போது உயிரோடு இருந்தாலும் உடம்பு ரொம்பவே முடியாமல் போயிருந்தது. அடுத்த ஆண்டு இறந்தார். வீட்டில் அலமாரிபோல் ஒரு சிறு அறை முழுக்கக் காமிக்ஸ் புத்தகங்கள். பக்கத்து ஊரான போல்டரில் ‘மைல் ஹை காமிக்ஸ்’ என்ற கடை நடத்திவந்த சக் ரொசான்ஸ்கிக்குச் சேதி போனது. அவருக்கு வயது 21.

போய்ப் பார்த்தவர் கண்டது, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரையை நோக்கி ஏறியிருந்த அடுக்குகள். 1930-களின் பிற்பகுதியிலிருந்து 50-கள் வரை வந்த இதழ்கள். 18,000 முதல் 22,000 வரை என்று எண்ணிக்கை சொல்கிறார்கள். எண்ணிக்கையைவிட அவற்றின் நிலைதான் ஆளை அசரவைத்தது. நாற்பது வயதான இதழின் அட்டை, நேற்று அச்சகத்திலிருந்து வந்ததுபோல் பளபளத்தது. உள்ளே தாள் வெள்ளை. முதுகு மடிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அந்த வயதுக் காமிக்ஸ் என்றால் பழுப்பேறி, ஓரம் பொடிந்து, அட்டை தொங்கிக்கொண்டிருக்கும் என்று பழகிய வியாபாரிகளுக்கு இது நம்பமுடியாத காட்சி. விலைக் கையேட்டில் போட்டிருந்த விலைக்கு மேல் வைத்துத்தான் ரொசான்ஸ்கி விற்றார். வாங்கினார்கள். இன்றும் ஒரு பழைய இதழுக்கு ‘மைல் ஹை பிரதி’ என்ற பெயர் ஒட்டியிருந்தால் விலை வேறு மாதிரிதான் பேசப்படும்.

இந்த நிகழ்வைத் தரமதிப்பு, கூடு, பாதுகாப்பு என்ற மூன்றையும் வைத்துப் பார்க்க ஒரு காரணம் உண்டு. சர்ச்சிடம் மைலார் என்ற பாலியஸ்டர் உறை கிடையாது. அமிலம் நீக்கிய அட்டை கிடையாது. கண்ணாடி மாதிரி இறுகிய பிளாஸ்டிக் கூடு கிடையாது. அதெல்லாம் வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. ஆனாலும் அவர் காப்பாற்றிய அளவுக்கு, அதன்பின் எல்லாக் கருவிகளையும் கையில் வைத்திருந்தவர்கள்கூடக் காப்பாற்றியதில்லை. அப்படியென்றால் தாளை எதுதான் காப்பாற்றுகிறது?

தாளுக்குப் பிறவியிலேயே உள்ள நோய்

முதலில் தாளின் ஜாதகத்தைப் பார்த்துவிடலாம். அந்தக் காலக் காமிக்ஸின் உட்பக்கம் செய்தித்தாள் ரகம். மரத்தை அப்படியே அரைத்துக் கூழாக்கியது. மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருளை நீக்காமல் விட்டிருப்பார்கள், ஏனென்றால் நீக்கினால் செலவு. பத்து சென்டுக்கு விற்கிற, படித்துவிட்டுப் போடுகிற புத்தகத்துக்கு அது போதும் என்று நினைத்தார்கள். லிக்னின் வெளிச்சத்தையும் காற்றையும் கண்டால் பழுப்பாகும். கூடவே மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும் சேர்ப்பார்கள். படிகாரத்திலிருந்து அமிலம் பிறக்கும். அந்த அமிலம், தாளுக்கு வலு கொடுக்கிற செல்லுலோஸ் இழையைத் துண்டுதுண்டாக நறுக்கும். இழை குட்டையாகக் குட்டையாகத் தாள் மடிக்கத் தாங்காது. ஒருநாள் விரலில் பொடியாக வரும்.

கவனிக்க வேண்டியது, இவை இரண்டும் வேறு வேறு நோய். பழுப்பாவது ஒன்று, நொறுங்குவது இன்னொன்று. முதலாவதுக்கு வெளிச்சமும் ஆக்சிஜனும் வேண்டும். இரண்டாவதுக்கு அமிலமும் ஈரமும் சூடும் வேண்டும். அமிலம் இழையை வெட்டுவதற்குத் தண்ணீர் மூலக்கூறு அவசியம். நீராற்பகுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததேதான். அட்டைக்கு மட்டும் வழவழப்பான நல்ல தாள். அதனால்தான் பல பழைய இதழ்களில் அட்டை அழகாகவும் உள்ளே கருகியதாகவும் இருக்கும். நடுவில் இரண்டு இரும்புப் பின். ஈரம் பட்டால் அது துருப்பிடித்து, துரு தாளுக்குள் இறங்கும்.

அலமாரி செய்த வேலை

டென்வர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். சரியாக ஒரு மைல்; கடைப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். மலையடிவாரத்துக் காற்று, வறண்டது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடினால் ஈரப்பதம் இன்னும் கீழே போகும். அந்த வறட்சியில் மனிதரின் உதடு வெடிக்கும், ஆனால் தாளுக்கு அது நல்லது.

அடுத்து, அறை இருட்டு. மூன்றாவது, அடுக்கு. படுக்கை வசத்தில், ஒன்றை ஒன்று அழுத்தி, நூற்றுக்கணக்கில். காற்று உள்ளே நுழைய ஓரத்தில் ஒரு மயிரிழைதான் இடம். மேலிருந்த எடை கீழே இருந்ததை வருஷக்கணக்கில் இஸ்திரி போட்டதுபோல் தட்டையாக வைத்திருந்தது. நான்காவது, அவர் அதைக் குடையவே இல்லை. கைபடாத இதழுக்கு மடிப்பு விழாது.

இங்கே எனக்கு ரொம்ப நாளாக ஒரு குழப்பம் இருந்தது. காகித ஆய்வாளர்கள் சொல்வது, அமிலத் தாளை நெருக்கி அடுக்கினால் ஒவ்வொன்றும் வெளிவிடும் அமில ஆவி வெளியேற வழியின்றி உள்ளேயே சுற்றி, தனித்தாளைவிட அடுக்கில் உள்ள தாள் வேகமாக முதுமையடையும் என்பது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நடத்திய சோதனைகளில் பாலியஸ்டர் உறைக்குள் முழுக்க மூடிய அமிலத் தாளும் இப்படித்தான் நடந்துகொண்டது. அப்படியானால் சர்ச்சின் அடுக்கு கருகியிருக்க வேண்டாமா?

ஆனால் அந்தச் சோதனைகள், தாளைச் சூட்டிலும் ஈரத்திலும் வைத்து முதுமையை விரைவுபடுத்திச் செய்தவை. டென்வரில் சூடும் குறைவு, ஈரமும் குறைவு. அமிலம் உள்ளேயே இருந்தது உண்மைதான்; வெட்டுவதற்குத் தேவையான தண்ணீர்தான் கிடைக்கவில்லை. அதே நேரத்தில் நெருக்கமான அடுக்கு வெளிக்காற்றையும் நகரத்துப் புகையையும் தடுத்தது, இருட்டு பழுப்பைத் தடுத்தது. ஒரு நோயை வறட்சி பார்த்துக்கொண்டது, மற்றொன்றை இருட்டும் இறுக்கமும் பார்த்துக்கொண்டன. இதே அடுக்கை அப்படியே தூக்கி மயிலாப்பூரில் ஒரு பரணில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே மனம் வரவில்லை. இதைத்தான் இந்த நிகழ்வின் மையம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்: சர்ச்சின் ஒழுங்கைவிட சர்ச் வாழ்ந்த ஊர் அதிகம் செய்தது.

சுவர், பெட்டி, பரண்

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக வேறு மூன்று இடங்கள் இருக்கின்றன.

1938-இல் வெளிவந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ், சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றியது. விலை பத்து சென்ட். இன்று நூறு பிரதி அளவில்தான் மிஞ்சியிருக்கும் என்பது சேகரிப்பாளர்களின் மதிப்பீடு. 2013-இல் மினசோட்டா மாநிலத்தில் எல்போ லேக் என்ற சிற்றூரில், ஒருவர் 10,100 டாலருக்கு ஒரு பழைய வீட்டை வாங்கிச் சுவரை உடைத்துச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். குளிர் தாக்காமல் இருக்கச் சுவருக்குள் பழைய செய்தித்தாள்களை அடைத்திருந்தார்கள். அந்தக் குப்பைக்கு நடுவில் இந்த இதழ் இருந்தது. எழுபத்தைந்து ஆண்டு சுவருக்குள் கிடந்து தப்பித்த அது, கண்டெடுத்த பிறகுதான் கிழிந்தது. உறவினர் ஒருவர் ஆர்வத்தில் இழுக்க, பின்னட்டை கிழிந்துபோனது. தரமதிப்பு பத்துக்கு 1.5 என்று முடிந்தது. அப்படியும் 1,75,000 டாலருக்கு விற்றது. அந்த ஒரு கிழிசலின் விலை மட்டும் சுமார் 75,000 டாலர் என்று அப்போது கணக்குப் போட்டார்கள்.

இதே இதழின் வேறொரு பிரதி மேற்கு வர்ஜினியாவில் ஒருவர் 1938-இல் கடையில் வாங்கியது. மலைப்பகுதியில் இருந்த அவர் வீட்டில், ஒரு தேவதாருப் பெட்டிக்குள் நாற்பது ஆண்டு கிடந்தது. 2014-இல் 9.0 என்ற மதிப்போடு ஈபே ஏலத்தில் 32 லட்சம் டாலருக்குப் போனது. பக்கங்கள் வெள்ளையாகவே இருந்தன என்பதுதான் எல்லோரும் பேசிய செய்தி. உண்மையில் தேவதாரு மரப்பெட்டியைக் காகிதப் பாதுகாவலர்கள் யாரும் சிபாரிசு செய்ய மாட்டார்கள். அந்த மரமே எண்ணெயும் அமில ஆவியும் விடக்கூடியது. ஆனாலும் உயரமான ஊர், குளிர்ச்சி, இருட்டு, மூடிய பெட்டி. மரத்தின் குற்றத்தை மலை மன்னித்துவிட்டது.

மூன்றாவது, சமீபத்தியது. ‘சூப்பர்மேன்’ முதல் இதழ், 1939-ஆம் ஆண்டுப் பிரதி. தாய் இறந்த பிறகு வட கலிபோர்னியாவில் அவர் வீட்டுப் பரணை ஒழித்த மூன்று சகோதரர்கள், ஒரு அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் கண்டெடுத்தார்கள். 9.0 மதிப்பு. 2025 நவம்பரில் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தில் 91 லட்சம் டாலரைத் தாண்டியது. நிறுவனத்தின் காமிக்ஸ் பிரிவில் இருப்பவர் சொன்னது, அந்த வட்டாரத்துக் குளிர்ந்த பருவநிலைதான் தாளைக் காத்தது, இதுவே டெக்சாஸ் பரணாக இருந்திருந்தால் கெட்டுப்போயிருக்கும் என்ற கருத்து. அவர்கள் தலைமையகம் இருப்பது டெக்சாஸில். தங்கள் ஊர் வெயிலைத் தெரிந்தவர்கள் சொன்னது என்பதால் எனக்கு அதன்மேல் கூடுதல் மதிப்பு.

இவர்களில் எவரும் பாதுகாப்பதாக நினைத்துப் பாதுகாக்கவில்லை. ஊர் பார்த்துக்கொண்டது.

எண் வந்த கதை

தரமதிப்பு எண் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970-இல் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு வந்தபோது ‘மின்ட்’ (புத்தம்புதிது), அதற்குக் கீழே ‘ஃபைன்’, ‘குட்’ என்று சொற்களில்தான் நிலை சொன்னார்கள். விற்பவருக்கு ‘மின்ட்’, வாங்குபவருக்கு ‘ஃபைன்’. தபாலில் வந்த இதழைப் பிரித்துப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம். 2000-ஆம் ஆண்டு சி.ஜி.சி. என்ற அமெரிக்க நிறுவனம், விற்பவரும் இல்லாமல் வாங்குபவரும் இல்லாமல் மூன்றாம் ஆளாக நின்று மதிப்பிடத் தொடங்கியது. 0.5 முதல் 10 வரை அளவுகோல். 9.0-க்கு மேலே 9.2, 9.4, 9.6, 9.8, 9.9, 10 என்று நெருக்கமான படிகள்.

உள்ளே நடப்பது இது. பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். நடுவில் ஒரு தாள் காணாமல் போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அட்டையில் வண்ணம் பூசியிருக்கிறதா, ஓரத்தைச் சீவியிருக்கிறதா, பசை வைத்திருக்கிறதா என்று தேடுகிறார்கள். ஒருவருக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியாகப் பார்த்து எண் சொல்கிறார்கள். பிறகு மெல்லிய உள்ளுறையில் வைத்து, அதைக் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் இறக்கி, ஒலியலையால் ஓரங்களை உருக்கி ஒட்டுகிறார்கள். மேலே சீட்டு. சாதாரணமானால் நீலம். திருத்தம் செய்திருந்தால் ஊதா. கையொப்பம் கண்முன்னே போடப்பட்டதென்றால் மஞ்சள். ஊதாச் சீட்டு விழுந்தால் விலை சரியும். ஐம்பதாண்டுக்கு முன்னால் யாரோ ஒரு சிறுவன் வெளுத்த இடத்தில் ஸ்கெட்ச் பேனா தீட்டியது இன்று ஊதாவாகத் திரும்பி வருகிறது.

எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரி இருக்கும். பக்கத்தின் நிறம்: வெள்ளை, மங்கிய வெள்ளை, கிரீம், பழுப்பு, நொறுங்குவது. வாங்குகிறவர்கள் எண்ணைப் பெரிதாகப் பார்ப்பார்கள். நான் அந்தச் சிறிய வரியைத்தான் முதலில் படிப்பேன். எண் சொல்வது, இந்த இதழை இதுவரை எத்தனை கை எப்படிப் புரட்டியது என்பதை. நிறம் சொல்வது, தாளுக்குள் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை. இரண்டு பிரதிகள் ஒரே எண் வாங்கியிருக்கலாம். ஒன்று வெள்ளை, மற்றொன்று பழுப்பு என்றால், முப்பது வருஷம் கழித்து அவை ஒரே எண்ணில் நிற்காது.

கூடு எதைச் செய்யும், எதைச் செய்யாது

கூட்டின்மேல் எனக்கு மரியாதை உண்டு. எல்போ லேக் இதழ் சுவரிலிருந்து நேராக ஒரு கூட்டுக்குள் போயிருந்தால் அந்தக் கிழிசல் நடந்திருக்காது. விரல் எண்ணெய், தேநீர்க் கறை, குழந்தை, நாய், தவறி விழுதல், எல்லாவற்றையும் அது தடுக்கும். இடையில் யாரும் திருத்தம் செய்ய முடியாது. வாங்குபவரும் விற்பவரும் சண்டை போடாமல் வியாபாரம் நடக்கிறது.

ஆனால் தாளின் நோயை அது நிறுத்தாது. தெளிவான பிளாஸ்டிக் வெளிச்சத்தை அப்படியே உள்ளே விடும். வெளியே சூடானால் உள்ளேயும் சூடுதான். அமிலம் தாளுக்குள்ளேயே பிறப்பது. வாசலை மூடினால் வெளியே போகாது. இதைத் தெரிந்துதான் சி.ஜி.சி. அட்டையின் உட்பக்கத்தில் மைக்ரோசேம்பர் என்ற ஒரு தாளை வைக்கிறது. அதில் கரியும் ஜியோலைட்டும் காரப்பொருளும் இருக்கும். இதழ் விடும் ஆவியை அது உறிஞ்சிக்கொள்ளும். பயனுள்ள ஏற்பாடுதான், ஆனால் பஞ்சு ஊறியபின் மேலும் உறிஞ்சாது என்பதுபோல அதற்கும் காலம் உண்டு. மாற்ற வேண்டுமென்றால் கூட்டை உடைத்துத் திரும்ப அனுப்ப வேண்டும். பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. கூட்டுக்குள் போய்விட்டால் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நினைத்துச் சுவரில் மாட்டுகிறார்கள், அதுவும் ஜன்னலுக்கு எதிரே.

கூட்டுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. தபாலில் குலுங்கும்போது இதழ் உள்ளே நகர்ந்து மூலை நசுங்குவது பழைய புகார். 2016-இல் கூட்டின் வடிவத்தை மாற்றியபோது, பிளாஸ்டிக் பரப்புகள் நெருங்கி ஒட்டிய இடங்களில் வானவில் வளையங்கள் தெரிந்தன. இயற்பியலில் நியூட்டன் வளையம் என்று படித்தோமே, அதுவேதான். சேகரிப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். தாளுக்கு அதனால் கெடுதல் ஏதும் இல்லை, பார்வைக்குத்தான் தொல்லை. இதைவிடக் கனமானது 2023-24-இல் வெளியான மோசடி. உயர்ந்த எண் வாங்கிய கூட்டை நாசூக்காகத் திறந்து, மதிப்புக் குறைந்த வேறு பிரதியை உள்ளே வைத்து, கூடு சேதமாகிவிட்டது, புதுக்கூடு போட்டுத் தாருங்கள் என்று அனுப்பி, பழைய எண்ணோடு புதுக்கூடு வாங்கியிருக்கிறார்கள். நிறுவனமே அதை வெளியில் அறிவித்தது. கூட்டின்மேல் உள்ள எண் உள்ளே இருக்கும் தாளைத்தான் குறிக்கிறது என்பது ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குத்தான் லட்சக்கணக்கில் பணம் கொடுக்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லவேண்டும். எண்ணை உயர்த்துவதற்காக இதழைச் சூடும் ஈரமும் கொடுத்து அழுத்தி, சுருக்கத்தை நீக்குவது இப்போது தனித் தொழிலாகிவிட்டது. பிரஸ்ஸிங் என்பார்கள். சி.ஜி.சி. இதைத் திருத்தமாகக் கருதுவதில்லை, நீலச் சீட்டே கிடைக்கும். தேர்ந்த கைகள் செய்தால் பாதகமில்லை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அமிலத் தாளுக்கு ஆகாத இரண்டு பொருள் சூடும் ஈரமும். அரைப் புள்ளிக்காக அந்த இரண்டையும் நாமே கொண்டுபோய்க் கொடுப்பது, எண்ணுக்காகத் தாளை விற்பது. சர்ச்சின் அடுக்கு இதே வேலையை வெறும் எடையால் செய்தது, அவசரப்படாமல்.

அந்த அடுக்கிலிருந்து வந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ்தான் உலகத்திலேயே நல்ல நிலையில் உள்ள பிரதி என்பது அதைப் பார்த்தவர்கள் வாக்கு. அது எந்தக் கூட்டுக்குள்ளும் போகவில்லை, எந்த எண்ணும் வாங்கவில்லை என்றே சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள். 2024-இல் 8.5 வாங்கிய வேறொரு பிரதி 60 லட்சம் டாலருக்கு விற்றது என்பதை வைத்து இதன் விலையை யோசிக்கலாம்.

நம் ஊர்த் தாள்

தமிழில் இந்தக் கேள்வி இப்போதுதான் எழ ஆரம்பித்திருக்கிறது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது, அதே ஆண்டு ராணி காமிக்ஸ் வந்தது. அந்த முதல் இதழ்களுக்கு இப்போது கேட்கிற விலையைப் பார்த்து, இதையும் ‘ஸ்லாப்’ போடலாமா, அதாவது எண் வாங்கிக் கூட்டுக்குள் அடைக்கலாமா என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம் என்றேன். காரணம் இதுவரை எழுதியதுதான். சென்னையின் ஆண்டுச் சராசரி வெப்பம் 28 டிகிரிக்கு மேல். ஈரப்பதம் 70 சதவீதத்தை ஒட்டி. காகிதத்தில் பூஞ்சை பிடிக்க 65 சதவீதமே போதும். டென்வருக்கு நேர் எதிர்த்துருவம். அதே ரகச் செய்தித்தாளை இந்தக் காற்றில் பிளாஸ்டிக்கில் அடைத்து மேஜைமேல் வைத்தால், எண் அழகாக இருக்கும், தாள் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

சர்ச்சை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் ஞாபகம் வரும். அவரும் ஓவியர். சென்னையில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர். பழைய தமிழ்ப் புத்தகம், இதழ், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று சேர்த்துச் செட்டிநாட்டு வீட்டில் அடுக்கினார். 1992-இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக நிறுத்த வழிசெய்தது. இன்று அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் டென்வர் இல்லை. கரையானும் ராமபாணமும் புழுக்கமும் அங்கே குறைவில்லாமல் உண்டு. அங்கே ஊர் பார்த்துக்கொள்ளவில்லை, மனிதர் பார்த்துக்கொண்டார். பிறகு நுண்படம் எடுத்தார்கள், குளிரூட்டிய அறை வந்தது. நமக்கு உதாரணம் அதுதான், அமெரிக்கக் கூடு அல்ல.

என் கையில் இருக்கும் ஒரு பிரதியைச் சொல்கிறேன். எழுபதுகளில் வந்த முத்து காமிக்ஸ் இதழ் ஒன்று. பள்ளி நாளில் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் வாங்கியது. அட்டை கழன்றிருந்தது. அன்றே செல்லோ டேப்பை முதுகு நெடுக ஒட்டினேன். அப்போது அது பாசம். இன்று டேப்பின் பிளாஸ்டிக் காய்ந்து தானே உதிர்ந்துவிட்டது, பசை மட்டும் தாளுக்குள் இறங்கித் தேன் நிறத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையாக நிற்கிறது. அந்தப் பட்டைக்குள் எழுத்து எண்ணெய்த்தாளில் தெரிவதுபோல் பின்பக்கத்தோடு கலந்து தெரிகிறது. பின் இரண்டும் துரு. மேல் பின்னைச் சுற்றி மிளகு அளவுக்குத் தாள் செம்பழுப்பாகி ஓட்டை விழுந்திருக்கிறது. நடுத்தாளைத் திருப்பினால் அந்த ஓட்டையிலிருந்துதான் கிழிசல் தொடங்கும்.

துருப்பிடித்த பின்னை இழுத்து எடுக்கக்கூடாது. நடுப்பக்கத்தைத் திறந்து, கால்களை மூங்கில் குச்சியால் மெல்ல நிமிர்த்தி, வெளியிலிருந்து தூக்க வேண்டும். அப்படித்தான் எடுத்தேன். ஒன்று கையோடு வந்தது, மற்றொன்று பாதியில் முறிந்தது. புதுப் பின் போடவில்லை. அந்த இடத்தில் தாளுக்குத் தாங்கும் சக்தி இல்லை. தாள்களை வரிசை குலையாமல் அப்படியே வைத்தேன். பசைப் பட்டையைத் தொடவில்லை. அதற்குக் கரைப்பான் தெரிந்த கை வேண்டும், என் கை அது இல்லை. பிறகு எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்தேன், அட்டையை இரண்டு முறை. இனிமேல் படிப்பது அந்தப் படத்தில்தான்.

உறைக்குக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய, வாசனை வரும் பிளாஸ்டிக் கவரை எடுக்காதீர்கள். பி.வி.சி. கலந்தது நாளடைவில் பிசுபிசுத்து மையைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் உறை, அதாவது மைலார், விலை கூடுதல் என்றாலும் வேதியல் ரீதியாக வாய் பேசாதது. உள்ளே முதுகுக்கு அணையாக, கால்சியம் கார்பனேட் சேர்த்த அட்டை. ‘அமிலமற்றது’ என்று மேலே எழுதியிருப்பதை மட்டும் நம்பவேண்டாம். பூச்சு மட்டும் நல்லதாகவும் நடுவில் சாதாரணக் கூழாகவும் வரும் அட்டைகள் உண்டு. உறையின் மேல்வாயை டேப் போட்டு ஒட்டாமல் மடித்து மட்டும் விடுகிறேன். ஆவி போக ஒரு வழி வேண்டும். பாச்சை உருண்டை போடுவதில்லை. தாளுக்கும் ஆகாது, அந்த அலமாரியைத் திறக்கிற நமக்கும் ஆகாது.

மற்றபடி பெரும்பாடு ஈரத்தோடுதான். வெளிச்சுவர் ஓரத்தில் இருந்த அலமாரியை உள்சுவருக்கு மாற்றினேன். தரையிலிருந்து ஓரடி உயர்த்தினேன். மூடி இறுகும் பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலமும் ஒரு சிறு ஈரப்பதமானியும். ஜெல் நிறம் மாறினால் சட்டியில் வறுத்துத் திரும்ப வைப்பது வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் பெட்டிக்கு வெளியே 85 காட்டுகிற நாளில் உள்ளே 50-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் குறி. குளிரூட்டியைப் பகலில் மட்டும் போட்டு இரவில் அணைப்பதை நிறுத்தினேன், ஏனென்றால் ஏறி இறங்கும் ஈரம், நிலையான ஈரத்தைவிட மோசம். மின்சாரக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் குளிரூட்டியே இல்லாமல் பெட்டியை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளலாம். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பெட்டிக்குள் ஒரு நோட்டுத்தாளும் இருக்கிறது. ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும் அந்த முத்து இதழின் நடுப்பக்க ஓரத்தை ஒரு வெள்ளைத் தாளோடு ஒட்டிவைத்து, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து, தேதியும் ஈரப்பத எண்ணும் எழுதுகிறேன். ஆறு வரிசை ஆகியிருக்கிறது. முதல் மூன்று ஆண்டுப் படங்களில் ஓரத்துப் பழுப்பு உள்நோக்கி நகர்ந்திருப்பது தெரிகிறது. அலமாரியை மாற்றிய பிறகு எடுத்த மூன்றில், என் கண்ணுக்குத் தெரிந்தவரை, அது நின்ற இடத்திலேயே நிற்கிறது.